கடலூரில் 35, புதுச்சேரியில் 160: இது உடம்பின் கணக்கா, பதிவேட்டின் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் பண்ருட்டிப் பக்கத்து அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கொரோனாவில் புதுச்சேரியின் சாவு விகிதம் கடலூர் மாவட்டத்தைப்போல ஐந்து மடங்காம், அதற்குக் காரணம் அங்கே இருப்பவர்களின் குடியும் பிரியாணியுமாம், நாம் தப்பியது கம்பங்கூழாலும் வெயிலில் உழைத்த உடம்பாலுமாம். அடித்துச் சொல்லியிருந்தார். கூழைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறவன்தான் நானும். ஆனால் இந்தக் கணக்கை இப்படியே விட்டால் அடுத்த தொற்று வரும்போது நம்ம ஊர்க்காரர்கள் 'நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று உட்கார்ந்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். டாக்டர் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருஷமும் கல்லாவுக்கு முன்னால் கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம் நிற்க, இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். கணக்கில் கொஞ்சம் ஆர்வமும் உண்டு.

முதலில், அன்பர் சொன்ன எண்ணில் தப்பில்லை. அரசுக் கணக்குப்படி கடலூர் மாவட்டத்தில் கொரோனாவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 900 பேர். புதுச்சேரியில், காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 2,000. மக்கள்தொகையோ அப்படியே தலைகீழ்: 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டம் 26 லட்சம், புதுச்சேரி பன்னிரண்டரை லட்சம். வகுத்துப் பார்த்தால் லட்சம் பேருக்கு இங்கே 35, அங்கே 160. நாலரை மடங்கு, ஐந்து என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டினால் ரெட்டிச்சாவடி, அது கடலூர் மாவட்டம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி. கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், பாகூர் கொம்யூன் (நம் பக்கத்து ஊராட்சி ஒன்றியம் மாதிரி) முழுக்க நம் சொந்தக்காரர்கள்தான் இருக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேதான், சாப்பிடும் அரிசியும் மீனும் ஒன்றேதான். செக்போஸ்ட் கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்காளிக்கு மட்டும் சாவு ஐந்து மடங்கு என்றால், வைரஸ் அந்த இடத்தில், ஊரடங்கில் எல்லை தாண்ட நாம் வாங்கிய இ-பாஸ் கேட்டுக்கொண்டு நின்றதா என்ன?

குடி விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். முள்ளோடைக் கடைகளின் வாசலில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் அன்பர். டி.என். 31 எந்த மாவட்டத்து எண் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்தான் கொஞ்சம் வலுவானது, அது சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு மையமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோவாவில் 26.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3, கேரளத்தில் 25.5. நாட்டின் சராசரி 11.4 மட்டும். தமிழ்நாட்டில் புதுச்சேரியின் அளவில் ஏறக்குறைய பாதி. கொரோனாச் சாவு விகிதத்தை எடுத்து வரிசைப்படுத்தினாலும் இதே மூன்று பெயர்கள் முன்வரிசையில் வருகின்றன: கோவாவில் லட்சத்துக்கு 270-க்கு மேல், கேரளத்தில் 200-க்கு மேல், புதுச்சேரியில் 160. பார்த்தவுடன் 'ஆகா, பிடிபட்டுவிட்டது' என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சர்க்கரை நோயாளிக்குக் கொரோனா வந்தால் இறக்கும் அபாயம் மற்றவரைப்போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரில் 26 பேருக்குச் சர்க்கரை உள்ள ஊரில், மற்ற 74 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, இந்த 26 பேருக்கு ஆளுக்கு இரண்டு பங்கு, ஆக 126 பங்கு. தமிழ்நாட்டைப்போல நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை உள்ள ஊரில் 86-ம் 28-ம் சேர்ந்து 114. 126-க்கும் 114-க்கும் வித்தியாசம் பத்து சதவீதம்தான் சார். இரண்டு மடங்கு என்பதற்குப் பதில் மூன்று மடங்கு அபாயம் என்று வைத்துப் போட்டாலும் இருபது சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒருவருடைய உயிருக்குச் சர்க்கரை பெரிய எதிரி, சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஐந்து மடங்கு வித்தியாசத்தை அது தனியாக உண்டாக்க முடியாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் நம் ஆட்கள் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள், டிவியில் பேசும் டாக்டர்கள் உட்பட.

சரி, அப்போது வயதா? கொரோனாவில் வயதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பது தடுப்பூசிக்கு முந்தைய கணக்குகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். வசதியான நாடுகளின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வில், தொற்று வந்தவர்களில் 25 வயதுக்காரர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் இறந்தார்கள், 55 வயதில் ஆயிரத்துக்கு 4, 65-ல் 14, 75-ல் 46, 85-ல் 150. படி ஏறுவதுபோல இல்லை, பத்து வயது கூடும்போது அபாயம் மூன்று மடங்காகப் பெருகிக்கொண்டு போகிறது. இது நம் கண்ணெதிரே நடந்ததுதான். 2020 மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தின் எண்ணிக்கை ஒரேயடியாக எகிறியது, டிவியில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் அந்த ஆட்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்கும் வயதுக்காரர்கள். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் தங்க வைத்தார்கள், கொஞ்ச நாளில் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். பரவிய அளவு பெரியது, சாவு சிறியது. அதே கொரோனா அடுத்த வருஷம் ஆயாவும் தாத்தாவும் இருக்கிற வீட்டுக்குள் புகுந்தபோது கதை வேறு.

ஆனால் வயதும் இந்த ஐந்து மடங்கை விளக்காது. கேரளத்தில் 2011 கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 12.6 பேர், பீகாரில் 7.4, எனவே அந்த இரண்டுக்கும் நடுவே வயது ஒரு நியாயமான காரணம். நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. பாகூரில் இருக்கும் கிழவர்கள் அளவுக்குக் குறிஞ்சிப்பாடியிலும் கிழவர்கள் இருக்கிறார்கள்.

நகரம், கிராமம் என்று பார்த்தால் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. புதுச்சேரி மக்களில் நூற்றுக்கு 68 பேர் நகரத்தில், கடலூர் மாவட்டத்தில் 34 பேர். மாநிலத்தின் கொரோனாச் சாவுகளில் சென்னை மட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, மக்கள்தொகையில் அதற்குப் பத்தில் ஒரு பங்குதான். நெருக்கம் கூடினால் தொற்று சீக்கிரம் பரவும், முதல் அலையிலேயே அடிபடும், டாக்டர்களுக்கே என்ன மருந்து கொடுப்பது என்று தெரியாத காலத்தில் அடிபடும். 2020 ஜூனில்தான் டெக்சாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, வெண்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் படுத்தவர்களுக்கும் பின்னால் படுத்தவர்களுக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. (அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலன் இல்லை என்றும் சொன்னது. அந்தப் பாதியை யாரும் காதில் வாங்கவில்லை. 2021-ல் காய்ச்சல் வந்த முதல் நாளே யாரோ ஒருவருடைய சீட்டை வாட்ஸ்அப்பில் காட்டி 'அண்ணே, இதுல இருக்கிற அதே ஸ்டீராய்டு கொடுங்க' என்று வந்தவர்களுக்கு என்னால் கணக்கே சொல்ல முடியாது. கொடுக்காவிட்டால் அடுத்த கடை. சர்க்கரை உடம்பில் அது என்ன செய்யும் என்று கருப்புப் பூஞ்சை வந்த பிறகுதான் ஊருக்குப் புரிந்தது.)

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். புதுச்சேரிப் பகுதியின் பரப்பு ஏறக்குறைய 290 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஜிப்மர், கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி, அப்புறம் தனியார் கல்லூரிகள். எந்த மூலையில் ஒருவருக்கு மூச்சு வாங்கினாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் போய்விடலாம். நம் மாவட்டம் 3,678 சதுர கிலோமீட்டர். மஞ்சக்குப்பத்தில் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி என்றால் சிதம்பரத்தில் ஒன்று. திட்டக்குடியில் இருந்து கடலூருக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்தப் பக்கத்து ஆள் ஆஸ்பத்திரிக்கு வராமலே இறந்தால் அவருக்கு டெஸ்ட் எடுத்திருக்க மாட்டார்கள். டெஸ்ட் இல்லையென்றால் பாசிட்டிவ் இல்லை. பாசிட்டிவ் இல்லையென்றால் அன்றைய மாலைச் செய்திக்குறிப்பில் அவர் இல்லை. அவர் கொரோனாவில் சாகவில்லை, 'காய்ச்சல்ல போயிட்டார்', அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் ஊரில் பிழைப்பவர்களும் அதிகம், இறந்தால் கணக்கில் ஏறுகிறவர்களும் அதிகம். ஆஸ்பத்திரி தூரமாக உள்ள ஊரில் இரண்டும் குறைவு. குறைந்த எண்ணைப் பார்த்து அந்த ஊர் தப்பித்தது என்று சொல்வது, எடைபோடாத பலாவுக்கு எடையே இல்லை என்று சொல்வது போலத்தான். பண்ருட்டிக்காரருக்கு இது புரியும்.

எங்கள் கடைக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், 2021 மே மாதம் மகனோடு பைக்கில் வந்தார். ஊர் நெல்லிக்குப்பம் தாண்டி உள்ளே. நாலு நாளாகக் காய்ச்சல், டெஸ்ட் எடுக்கவில்லை, எடுத்தால் வீட்டில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம். கையை நீட்டச் சொல்லி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 82 என்று காட்டியது. விரல் சில்லென்று இருந்தது, அதனால் தப்பாகக் காட்டுகிறதோ என்று தேய்த்துவிட்டு வேறு விரலில் மாட்டினேன், 81. அந்த ஆளோ என்னிடம் பாக்கிச் சில்லறை ஏழு ரூபாய் போன தடவை தரவில்லை என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். 94-க்குக் கீழே இறங்கினாலே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. 'தம்பி, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, வீட்டுக்குப் போகாதீங்க' என்று மகனிடம் சொன்னேன். அவர்கள் வீட்டுக்குத்தான் போனார்கள், துணிமணி எடுத்துக்கொண்டு காலையில் போகலாம் என்று. விடியும்முன் முடிந்துவிட்டது. பிற்பாடு மகன் சான்றிதழ் விஷயமாக வந்தபோது காட்டினார், காரணம் மாரடைப்பு என்று இருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, வீட்டில் நடந்த சாவுக்குக் குடும்பம் சொன்னதைத்தான் எழுதுவார்கள். ஆனால் அவர் கடலூரின் அந்த 900-க்குள் இல்லை.

இது நம் மாவட்டத்தின் சமாச்சாரம் மட்டும் இல்லை. சென்னையிலேயே, எல்லா வசதியும் இருக்கிற சென்னையிலேயே, 2020 ஜூலையில் மறு ஆய்வு செய்து விட்டுப்போன 444 சாவுகளை ஒரே நாளில் சேர்த்தார்கள். பீகார் 2021 ஜூனில் நீதிமன்றம் கேட்ட பிறகு ஒரே நாளில் 3,951-ஐச் சேர்த்தது. குஜராத்தின் அரசுக் கணக்கு 10 ஆயிரத்துச் சொச்சம். உச்ச நீதிமன்றம் சொல்லிக் கொடுக்கப்பட்ட 50 ஆயிரம் ரூபாய் நிவாரணத்துக்கு 2022 ஜனவரி வரை வந்த விண்ணப்பங்கள் 89 ஆயிரத்துக்கு மேல். பெரு நாடு என்று தென் அமெரிக்காவில் ஒன்று, அங்கே 2021 மே கடைசியில் 69 ஆயிரமாக இருந்த சாவுக் கணக்கைத் திருத்தி ஒரேயடியாக 1 லட்சத்து 80 ஆயிரம் ஆக்கினார்கள், மறுநாளே மக்கள்தொகை விகிதத்தில் உலகத்திலேயே மோசமான நாடு என்ற பெயர் அதற்கு. ஒழுங்காக எண்ணியதற்குக் கிடைத்த பரிசு அது. கேரளமும் பழைய சாவுகளைத் தேடித் தேடிப் பிற்பாடு சேர்த்ததால்தான் அதன் எண் அவ்வளவு பெரிதாயிற்று. லட்சத்துக்கு 12 என்று காட்டும் பீகாரைவிட, 200-க்கு மேல் காட்டும் கேரளத்தில் வைத்தியம் மோசம் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்களா மாட்டீர்களா?

நாடு மொத்தத்துக்கும் பார்ப்போம். பிறப்பு இறப்புப் பதிவுக் கணக்கு, இது கொரோனாக் கணக்கு இல்லை, எந்தக் காரணத்தால் செத்தாலும் பதிவாகும் கணக்கு. 2019-ல் பதிவான சாவுகள் 76 லட்சம். 2020-ல் 81 லட்சம். 2021-ல் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்தில் 21 லட்சம் கூடியிருக்கிறது. அந்த 2021-ல் கொரோனாச் சாவு என்று அரசு சொன்னது 3 லட்சத்து 30 ஆயிரம் அளவுக்குத்தான். பதிவு செய்யும் பழக்கமும் வருஷாவருஷம் கூடிக்கொண்டு வருகிறது, அதனால் மொத்த உயர்வையும் கொரோனா தலையில் கட்டிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருஷத்துக்கு ஐந்திலிருந்து ஏழு லட்சம் வரை கூடிக்கொண்டிருந்த இடத்தில் 21 லட்சம் கூடினால் அது பழக்கத்தால் மட்டும் வந்ததா? உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த சாவுகள் 47 லட்சம் என்று மதிப்பிட்டது, மத்திய அரசு அந்த முறையே தவறு என்று மறுத்தது. யார் சரி என்று சண்டைபோடும் இடம் இதுவல்ல. பதிவேட்டில் இருப்பதை எல்லோரும் பார்க்கும்படி வைத்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இதைச் சொல்வதால் உடம்பின் காரணங்களை நான் தள்ளிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்றாளர்களையும் அவர்களோடு பழகிய 5 லட்சத்து 75 ஆயிரம் பேரையும் தொடர்ந்து பார்த்து 2020 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நம் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக நடந்து சேர்த்த விவரம் அது, வெளிநாட்டு ஆட்களே மூக்கில் விரல் வைத்தார்கள். இறந்தவர்களில் 45 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. இறந்தவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஐந்தே நாளில் போய்விட்டார்கள், அமெரிக்காவில் அது 13 நாள். அப்படியென்றால் நம் ஆட்கள் வரும்போதே கடைசிக் கட்டத்தில் வந்திருக்கிறார்கள். இன்னொன்று, அமெரிக்காவில் சாவு 65-க்கு மேற்பட்டவர்களிடம் குவிந்திருந்தது, இங்கே 50-லிருந்து 64 வரை உள்ளவர்களும் நிறையப் போனார்கள். வீட்டுக்குச் சம்பாதித்துப் போடும் வயது அது. கட்டுப்படாத சர்க்கரை, தாமதம், தூரம், இந்த மூன்றும் ஒரே ஆள் மேல் விழுந்தால்தான் அந்த நெல்லிக்குப்பம் பக்கத்துப் பெரியவரின் கதை.

கூழ் குடித்தவனை வைரஸ் தொடாது என்று நம்பும் அன்பருக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1918 இன்ஃப்ளூயன்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள், 1911-க்கும் 1921-க்கும் நடுவே இந்த நாட்டின் மக்கள்தொகையே கொஞ்சம் குறைந்தது, அதற்கு முன்னும் பின்னும் குறையாத கணக்கு. அது கிழவர்களை விட்டுவிட்டு 20 முதல் 40 வயது வரை உள்ளவர்களை, வெயிலில் உழைத்த உடம்புகளைத்தான் அதிகம் கொண்டுபோனது. இடத்துக்கு இடம் வித்தியாசமும் அதில் உண்டு, பம்பாய் மாகாணத்தில் கடுமை, நம் சென்னை மாகாணத்தில் அதைவிடக் குறைவு. பம்பாய் நகரத்துக்குள்ளேயே ஐரோப்பியர் சாவு விகிதத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல் ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் சாவு விகிதம். ஒரே கடற்கரை, ஒரே காற்று. வீடும் கூலியும் தண்ணீரும்தான் வேறு. கூழ் அப்போது இன்றைவிட அதிகமாகத்தான் குடித்திருப்பார்கள்.

எது காப்பாற்றியது என்று கேட்டால் அதற்கும் நம் மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல் துறையில் 1 லட்சத்து 17 ஆயிரம் பேரை 2021 பிப்ரவரியிலிருந்து மே நடுப்பகுதி வரை பார்த்தார்கள். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரு ஊசி போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். ஒரே வேலை, ஒரே ரோடு, ஒரே பந்தோபஸ்து. இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

கடைசியாக என் கோரிக்கை, இது உங்கள் நிருபர்கள் நினைத்தால் நடக்கிற காரியம். கடலூர் மாவட்ட நிர்வாகமும் புதுச்சேரி அரசும் 2018 முதல் 2022 வரை பதிவான எல்லாச் சாவுகளையும், பெயர் விலாசம் எதுவும் இல்லாமல், மாதம், வயது, ஆணா பெண்ணா, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, எந்தத் தாலுகா அல்லது கொம்யூன் என்ற அளவில் மட்டும் வெளியிட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டப்படி சாவு நடந்த இடத்தில்தான் பதிவு. நம் மாவட்டத்துப் புவனகிரி ஆள், ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் இறந்தால் பதிவு புதுச்சேரியில் ஏறும். ஆகவே இறந்தவர் வழக்கமாகக் குடியிருந்த ஊர் எது என்று படிவத்தில் எழுதியிருப்பார்களே, அதை வைத்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் இதே சண்டை வரும். 2018, 2019 சராசரியோடு 2021 மே, ஜூனை ஒப்பிட்டால் திட்டக்குடியில் என்ன நடந்தது, வேப்பூரில் என்ன நடந்தது, காட்டுமன்னார்கோயிலில் என்ன நடந்தது என்று பத்தாம் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான். எங்கே கூடுதல் சாவு அதிகமோ, அங்கே வீட்டில் நடந்த சாவும் அதிகமாக இருந்தால், அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் முதலில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் இன்னொரு 108 வண்டியும் போக வேண்டும்.

கடிதம் நீளம், தெரியும். வெட்டுவதானால் கூழையும் முள்ளோடையையும் வெட்டிக்கொள்ளுங்கள், 126, 114 கணக்கை மட்டும் விட்டுவையுங்கள். பண்ருட்டி அன்பர் பதில் எழுதினால் அவரும் ஒரு கணக்கோடு எழுதட்டும்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.